எந்தப் பாகத்துக்கு எவ்வளவு? - அசெம்பிள்டு பெட்டியின் கதை

பிழைப்புக்காக மும்பை, டெல்லி, பெங்களூரு, புனே என்று எங்கே போய்க் குடித்தனம் நடத்தினாலும், வீட்டுப் பிள்ளை எட்டாம் வகுப்பைத் தாண்டியதும் ஒரு கேள்வி வந்தே தீரும். "அப்பா, ஒரு கேமிங் பிசி வாங்கலாமா?"

நம்மவர்களின் பதில் பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று, "முதல்ல பரீட்சை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்." இன்னொன்று, மாலில் இருக்கும் கடைக்குப் போய், விற்பனைப் பையன் கை காட்டிய, கலர் கலராக விளக்கு எரியும் லேப்டாப்பை இருபத்து நாலு மாதத் தவணையில் வாங்கிக் கொடுத்துவிடுவது. மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. பாகம் பாகமாக விலை விசாரித்து, நம் கையில் இருக்கும் காசுக்குள் நடுத்தரமான ஒரு பெட்டியை நாமே சேர்த்துக்கொள்வது. இந்தப் பதிவு அந்த மூன்றாவது வழியைப் பற்றியது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடியேன் இன்ஜினியர் இல்லை. பி.காம். படித்துவிட்டு, வங்கியில் கடன் மனுக்களைப் புரட்டிக் கொண்டிருப்பவன். ஆனால் இந்த விஷயத்தைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தபோது, கல்லூரியில் காஸ்டிங் வகுப்பில் படித்த ஒரு பாடம்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. 'கீ ஃபாக்டர்' என்று சொல்வார்கள். தொழிற்சாலையில் மிஷின் நேரம் தட்டுப்பாடா, கச்சாப் பொருள் தட்டுப்பாடா, ஆள் தட்டுப்பாடா என்று முதலில் கண்டுபிடி. எது உன் உற்பத்தியைக் கட்டிப் போடுகிறதோ அதை வைத்துத்தான் மற்ற கணக்கு எல்லாம். அதை விட்டுவிட்டு வேறு எங்கே பணத்தைக் கொட்டினாலும் ஒரு பொருள்கூட அதிகமாக வெளியே வராது.

கேமிங் கம்ப்யூட்டரின் நாற்பத்தைந்து வருடக் கதையும் இதுதான். அந்தக் கட்டிப் போடுகிற பாகம் இடத்தை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவன் குறைந்த காசில் பிழைத்தான். பெட்டிமேல் அச்சடித்த பெயரையும் எண்ணையும் பார்த்து வாங்கியவன் காசை விட்டான். சரி, கதைக்கு வருவோம்.

திறந்து வைத்த பெட்டி

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை அறிவித்தது. மாடல் எண் 5150. அமெரிக்காவில் அடிப்படை விலை 1,565 டாலர். வழக்கமாக ஐபிஎம்மில் எல்லாமே சொந்தத் தயாரிப்பாக இருக்கும். ஆனால் புளோரிடாவில் போகா ரேட்டன் என்ற ஊரில் டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையில் வேலை செய்த குழுவுக்கு அவகாசம் மிகக் குறைவு. அதனால் வெளியே கிடைத்த பாகங்களை வைத்தே வேலையை முடித்தார்கள். பிராசசர் இன்டெலின் 8088, வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். ஆபரேட்டிங் சிஸ்டம் மைக்ரோசாஃப்ட்டிடம் வாங்கியது. மதர்போர்டில் ஐந்து ஸ்லாட்டுகளைக் காலியாக விட்டார்கள், வேண்டியவர் வேண்டிய கார்டைச் செருகிக்கொள்ளட்டும் என்று. அது போதாதென்று சர்க்யூட் படங்களையும் பயாஸ் புரோகிராமையும் ஒரு புத்தகமாகவே அச்சிட்டு விற்றார்கள்.

ஐபிஎம்முக்குச் சொந்தமாக மிஞ்சியது அந்த பயாஸின் காப்புரிமை மட்டும். அதையும் 1982-இல் ஹூஸ்டனில் தொடங்கிய காம்பேக் என்ற புதுக் கம்பெனி சட்டப்படியே தாண்டியது. ஒரு குழு ஐபிஎம் பயாஸைப் படித்து, அது என்ன செய்கிறது என்று மட்டும் எழுதிக் கொடுத்தது. அதைக் கண்ணால்கூடப் பார்க்காத இன்னொரு குழு, அந்தக் குறிப்பை வைத்துப் புதிதாக எழுதியது. 1984-இல் பீனிக்ஸ் டெக்னாலஜீஸ் இதே மாதிரி ஒரு பயாஸை எழுதி, கேட்டவருக்கெல்லாம் விற்க ஆரம்பித்ததும் கதவு முழுசாகத் திறந்துகொண்டது.

இதில் எனக்குப் பிடித்த ஒரு தகவல். 'எங்கள் மிஷின் ஐபிஎம் மாதிரியே வேலை செய்யும்' என்று சொன்ன கம்பெனிகளைச் சோதிக்க, அந்தக் காலத்தில் இரண்டு புரோகிராம்களை ஓட்டிப் பார்ப்பார்கள். ஒன்று லோட்டஸ் 1-2-3, நம்மைப் போன்ற கணக்குப்பிள்ளைகளின் உயிர்நாடி. இன்னொன்று மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர், விமானம் ஓட்டும் விளையாட்டு! கேம் வெட்டி வேலை என்று சொல்லும் பெரியவர்கள் கவனிக்க :-)

கை நழுவிய பெட்டியை மறுபடி பூட்ட ஐபிஎம் முயற்சி செய்யாமல் இல்லை. 1987-இல் பிஎஸ்/2 வரிசையில் மைக்ரோ சேனல் என்று புது மாதிரி ஸ்லாட் வந்தது. வேறு யாராவது பயன்படுத்த வேண்டுமானால் உரிமம் வாங்க வேண்டும். மற்ற கம்பெனிகள் சட்டை செய்யவில்லை, பழைய ஸ்லாட்டோடேயே போனார்கள். கடைசியில் ஐபிஎம் தன் பிசி வியாபாரத்தையே 2005-இல் சீனாவின் லெனோவோவுக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கியது. 1980-களில் தைவானில் முளைத்த எம்எஸ்ஐ, கிகாபைட், ஏசுஸ் போன்ற கம்பெனிகளின் போர்டுகள்தான் இன்றைக்கும் நம்மூர்க் கடைகளில் அடுக்கி இருக்கின்றன. 1995-இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அளவுமுறையால் எவர் செய்த போர்டும் எவர் செய்த கேபினட்டிலும் உட்கார்ந்தது, ஸ்குரூ ஓட்டை உள்பட. பாகம் பாகமாகப் பேரம் பேசும் சுதந்திரம் நமக்கு வந்தது இப்படித்தான்.

நம்மூருக்கு வந்த கதை

இந்தியாவில் கதவு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திறந்தது. 1978-இல் ஐபிஎம் நாட்டை விட்டுப் போயிருந்தது. 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு அறிவித்த புதிய கம்ப்யூட்டர் கொள்கை, இறக்குமதியை எளிதாக்கித் தீர்வையையும் குறைத்தது. அதே 1984-இல்தான் வங்கிகளில் இயந்திரமயமாக்கல் பற்றி ரங்கராஜன் கமிட்டி அறிக்கை கொடுத்தது. பேரேட்டில் கையால் எழுதிக்கொண்டிருந்த கிளைகளுக்கு லெட்ஜர் போஸ்டிங் மிஷின் வந்ததைப் பற்றி என் சீனியர்கள் கதை கதையாகச் சொல்வார்கள்.

பிறகு 1991. அதன் பிறகு, அதிகம் பேசப்படாத 1997. அந்த வருடம் இந்தியா உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் சேர்ந்தது. கம்ப்யூட்டர் பாகங்களின் மீதான சுங்கத் தீர்வையைப் படிப்படியாக எடுத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. 2005 வாக்கில் பெரும்பாலான பாகங்களுக்குத் தீர்வை பூஜ்யம் ஆனது.

இந்த இடைப்பட்ட காலத்தில் வளர்ந்தவைதான் நம் கடைத்தெருக்கள். சென்னைக்கு ரிச்சி ஸ்ட்ரீட். டெல்லிக்கு நேரு பிளேஸ். பெங்களூருக்கு எஸ்.பி. ரோடு. செகந்திராபாத்துக்குச் செனாய் டிரேட் சென்டர். மும்பைக்கு, கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி நடக்கிற தூரத்தில் லேமிங்டன் ரோடு (அதிகாரப்பூர்வப் பெயர் டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க், அந்தப் பெயரைச் சொன்னால் பல டாக்ஸிக்காரர்களுக்கே தெரியாது). ஊர் வேறு, பாஷை வேறு, ஆனால் தெரு ஒன்றேதான். ஆறடி அகலக் கடை, கண்ணாடி அலமாரியில் மதர்போர்டு டப்பாக்கள், கையில் கால்குலேட்டரோடு ஒருவர். "பில்லோடவா, பில் இல்லாமயா?" என்ற கேள்வியை நான் தமிழிலும் ஹிந்தியிலும் கேட்டிருக்கிறேன்.

பிராண்டட் கம்ப்யூட்டர் வாங்க முடியாத குடும்பத்துக்குள்ளே முதல் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது இந்தத் தெருக்கள்தான். 2000-த்தை ஒட்டிய வருடங்களில் நம் சொந்தக்காரர் வீடுகளில் ஹாலின் மூலையில், துணி உறை போட்டு மூடி வைத்திருந்த பெட்டிகளில் பாதிக்கு மேல் 'அசெம்பிள்டு'தான் என்பது நான் பார்த்த வரைக்கும் உண்மை.

விளையாட்டு எதன் மேல் நிற்கிறது?

1993 டிசம்பரில் டூம் என்ற கேம் வந்தது. 320-க்கு 200 புள்ளிகளில் வரைந்த உலகம். வரைகிற வேலை முழுவதும் பிராசசர் தலையில். ஆகவே அன்றைக்குக் கட்டிப் போடும் பாகம் பிராசசர். 386 வைத்திருந்தவர்கள் திண்டாடினார்கள், 486 வைத்திருந்தவர்கள் ராஜாக்கள்.

1996-இல் அதே கம்பெனியின் அடுத்த கேம், குவேக். இதில்தான் விலை குறைவான பிராசசர்களுக்குச் சோதனை வந்தது. அப்போது சைரிக்ஸ் என்று ஒரு கம்பெனி, இன்டெலைவிட மலிவாகப் பிராசசர் விற்றது. பெயர் 6எக்ஸ்86 பிஆர்166+. உண்மையான வேகம் 133 மெகாஹெர்ட்ஸ்தான், ஆனால் பென்டியம் 166-க்குச் சமம் என்று அந்தப் பெயர். பொய்யும் இல்லை. வேர்டு, எக்ஸெல் வேலைகளில் சமமாகவே ஓடியது. ஆனால் குவேக் தசமப் புள்ளிக் கணக்குகளை ஏராளமாகப் போடும் கேம். பென்டியத்தின் அந்தப் பகுதிக்கு ஏற்ற மாதிரியே எழுதப்பட்டது. சைரிக்ஸின் பலவீனம் சரியாக அதே இடத்தில்தான். அலுவலகத்தில் சமமான இரண்டு பிராசசர்கள், குவேக்கில் வானத்துக்கும் பூமிக்கும் ஆயின. 1997-இல் சைரிக்ஸ் நேஷனல் செமிகண்டக்டரோடு சேர்ந்து, 1999-இல் வியா கைக்குப் போனது. ஒரே விளையாட்டால் ஒரு கம்பெனி போனது என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'எந்த வேலைக்கு' என்று கேட்காமல் 'எது வேகம்' என்று மட்டும் கேட்பது அர்த்தமில்லாத கேள்வி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

அதே 1996-இல் இன்னொரு மாற்றம். 3டிஎஃப்எக்ஸ் என்ற கம்பெனியின் வூடூ கார்டு வந்தது. முப்பரிமாணப் படம் மட்டுமே வரையும். சாதாரணத் திரைக்கு ஏற்கனவே உள்ள கார்டு வேறு வேண்டும், இரண்டையும் பின்னால் ஒரு கேபிளில் இணைக்க வேண்டும். ஆர்கேடு மிஷின்களில் போடும் விலையில் இருந்திருக்க வேண்டிய சரக்கு அது. அந்த வருடம் மெமரி சிப் விலை தடாலென்று சரிந்ததால்தான் வீட்டுக்குக் கட்டுப்படியாகும் விலைக்கு இறங்கியது. கேமிங் கார்டு என்ற ஜாதி பிறந்ததே ராம் விலை விழுந்ததால் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அதோடு பாரம் பிராசசரிலிருந்து கிராஃபிக்ஸ் கார்டுக்கு இடம் மாறியது. 1999-இல் என்விடியா ஜீஃபோர்ஸ் 256-ஐக் கொண்டுவந்தது. 2000 டிசம்பரில் 3டிஎஃப்எக்ஸின் சொத்துக்களை அதே என்விடியா வாங்கிக்கொண்டது. நாலே வருடத்தில் ராஜா ஆண்டியானான்.

ஏழை வீட்டுப் பென்டியம்

1998 ஆகஸ்டில் இன்டெல், மலிவு விலை வரிசையில் செலரான் 300ஏ என்ற பிராசசரை விட்டது. முந்தைய செலரானில் இரண்டாம் நிலை (எல்2) கேஷ் மெமரியே கிடையாது, மந்தம். இதில் 128 கேபி கேஷை சிப்புக்கு உள்ளேயே, பிராசசரின் முழு வேகத்தில் வைத்தார்கள். கணக்கு எளிது. பஸ் வேகம் 66, பெருக்கல் எண் 4.5, ஆக 300 மெகாஹெர்ட்ஸ். அப்போது சந்தையில் இருந்த 440பிஎக்ஸ் போர்டில் பஸ் வேகத்தை 100 என்று மாற்றினால்? 450! பல சிப்புகள் சத்தம் போடாமல் ஓடின. பல மடங்கு விலை கூடிய பென்டியம் 2 450-க்கு விளையாட்டுகளில் ஈடு கொடுத்தன.

தெரிந்து வாங்குபவனுக்கும் தெரியாமல் வாங்குபவனுக்கும் உள்ள தூரம் அதற்கு முன்னால் இவ்வளவு பட்டவர்த்தனமாகத் தெரிந்ததில்லை. அதற்காக இன்றைக்கும் எல்லாரும் ஓவர்கிளாக் செய்யுங்கள் என்று சொல்லவில்லை. கம்பெனிகள் அந்தக் கதவைப் பெரும்பாலும் அடைத்துவிட்டன. பாடம் வேறு. விலை உயர்ந்த பொருளுக்கும் நடுத்தரப் பொருளுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் சில சமயம் பொருளில் இல்லை, விலைப்பட்டியலில் இருக்கிறது.

பெயரை நம்பாதே

கிராஃபிக்ஸ் கார்டு முக்கியமானதும், பெயரை வைத்து விளையாடுவதும் கூடவே வந்தது. 2002-இல் ஜீஃபோர்ஸ் 4 வரிசை. டிஐ என்று முடியும் கார்டுகள் புது ஜாதி. எம்எக்ஸ் என்று முடியும் கார்டுகளும் ஜீஃபோர்ஸ் 4தான், பெயரில் மட்டும். உள்ளே இருந்தது இரண்டு தலைமுறை பழைய ஜீஃபோர்ஸ் 2-வின் வம்சம். பிக்சல் ஷேடர் வசதி கிடையாது. அதற்கு முந்தைய வருடத்து ஜீஃபோர்ஸ் 3-இல்கூட அது இருந்தது! 2003-க்குப் பிறகு வந்த சில விளையாட்டுகள் அந்த வசதி இல்லாமல் துவங்கவே மறுத்தன. பெட்டிமேல் 4 என்று போட்டிருந்ததால் நம்பி வாங்கியவர்கள் எத்தனை பேரோ.

2016-இல் ஜிடிஎக்ஸ் 1060. 6 ஜிபி ஒன்று, 3 ஜிபி ஒன்று. மெமரி மட்டும்தானே பாதி என்று நினைப்போம். இல்லை, கோர்களும் குறைவு, 1,280-க்குப் பதில் 1,152. அதாவது வேறு கார்டு, அதே பெயர்.

பிராசசர் பக்கமும் இதே கதைதான். 2017 அக்டோபரில் வந்த இன்டெலின் எட்டாம் தலைமுறை, முந்தைய இரண்டு தலைமுறைகளின் அதே 1151 சாக்கெட் என்று சொல்லியும் பழைய போர்டில் ஓடாது. அதே 2017-இல் ரைசனோடு களம் இறங்கிய ஏஎம்டி, ஏஎம்4 சாக்கெட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தது. அன்று வாங்கிய பல போர்டுகளில், பயாஸைப் புதுப்பித்து 2022-இல் வந்த பிராசசரையும் போட முடிந்தது. ஐந்து வருடம் கழித்துப் பிராசசரை மட்டும் மாற்றினால் போதும் என்பது நடுத்தரக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய சேமிப்பு!

வங்கியில் கடன் மனு படிக்கும்போது கம்பெனியின் பெயரையும் வண்ணப் புத்தகத்தையும் ஒதுக்கிவிட்டு, நேராக பேலன்ஸ் ஷீட்டின் குறிப்புகளுக்குப் போவோம். இங்கேயும் அதேதான். டப்பாவின் முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம்தான் கணக்கு.

எங்கேயோ தீ, இங்கே விலை

1993 ஜூலை 4. ஜப்பானில் நீஹாமா என்ற ஊரில் சுமிட்டோமோ கெமிக்கலின் தொழிற்சாலையில் வெடிவிபத்து. சிப்புகளை மூடும் உறைக்கான எபாக்ஸி பிசினில் உலகத் தேவையின் பாதிக்கும் மேல் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. பீதியிலும் பதுக்கலிலும் ராம் விலை சில வாரங்களில் எகிறியது. 2011-இல் தாய்லாந்து வெள்ளம், ஹார்ட் டிஸ்க் விலை ஏறத்தாழ இரண்டு மடங்கு. 2017-18-இலும், மறுபடி 2020 முதல் 2022 வரையும், கிரிப்டோ நாணயம் தோண்டுபவர்கள் கிராஃபிக்ஸ் கார்டுகளை மூட்டை மூட்டையாக வாங்கினார்கள். இரண்டாவது தடவை கொரோனா காலத்துச் சிப் தட்டுப்பாடும் சேர்ந்துகொள்ள, நடுத்தரக் கார்டு என்ற சொல்லுக்கே அர்த்தம் இல்லாமல் போனது. 2022 செப்டம்பர் 15-இல் எத்தீரியம் தன் முறையை மாற்றி, கார்டு தேவையில்லை என்று ஆக்கிய பிறகுதான் மூச்சு வந்தது.

2025-இன் இறுதியில் அடுத்த அலை. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப் பசி அடங்கவில்லை. சிப் செய்யும் பெரிய கம்பெனிகள் மூன்றே மூன்று: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். லாபம் அங்கே இருக்க, வீட்டு ராமுக்கு யார் வரிசை கட்டுவார்கள்? விலை மளமளவென்று ஏறியது. நம்மைப் போன்ற சில்லறை வாடிக்கையாளர்களுக்காக நடத்திவந்த குரூஷியல் வியாபாரத்தை மூடப்போவதாக 2025 டிசம்பரில் மைக்ரான் அறிவித்தது. 1996-இல் ராம் விலை சரிந்ததால் பிறந்த நடுத்தர கேமிங் பெட்டியின் கழுத்தை, முப்பது வருடம் கழித்து அதே ராம் விலை நெரிக்கிறது.

இதோடு டாலர் கணக்கையும் சேர்க்க வேண்டும். 1990-இல் ஒரு டாலர் பதினேழு, பதினெட்டு ரூபாய். 1998-இல் நாற்பதைத் தாண்டியிருந்தது. 2025 டிசம்பரில் தொண்ணூறைத் தொட்டது. அமெரிக்காவில் 'விலை மாறவில்லை' என்று எழுதுவார்கள். நமக்கு மாறிவிடும்.

இன்றைக்குக் கொட்டேஷன் வாங்கும்போது

இவ்வளவு சரித்திரமும் எதற்கு? கடைக்காரர் நீட்டும் கொட்டேஷனைப் படிக்கத்தான். 1080பி திரையில் நன்றாக விளையாடக்கூடிய நடுத்தரப் பெட்டிக்கு, மானிட்டர் நீங்கலாக, என் பங்கீடு இது. நூறு ரூபாயில் கிராஃபிக்ஸ் கார்டுக்கு 38, பிராசசருக்கு 18, மதர்போர்டுக்கு 12, ராமுக்கும் எஸ்எஸ்டிக்கும் சேர்த்து 18, எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 8, கேபினட்டுக்கு 6. ராம், எஸ்எஸ்டி பங்கு முன்பெல்லாம் 11, 12-இல் முடிந்துவிடும். இப்போது நிலவரத்தைப் பார்த்து இன்னும் கூட்ட வேண்டியும் வரலாம்.

முதலில் பிள்ளையைக் கேளுங்கள், எந்த விளையாட்டு என்று. வேலோரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் மாதிரி போட்டி விளையாட்டு என்றால் பிராசசருக்குக் கொஞ்சம் கூடுதல். பிரம்மாண்ட உலகம் சுற்றும் கேம் என்றால் கார்டுக்குக் கூடுதல், அதிலும் கார்டின் மெமரி. 8 ஜிபி இப்போது சில புதிய கேம்களுக்கு இறுக்கமாகிவிட்டது. 2025 ஜூனில் வந்த ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி ஒரே பெயரில் 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டாக வருகிறது. பில்லில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

கொட்டேஷனில் கடைசி வரியில் ஒளிந்திருப்பது எஸ்எம்பிஎஸ். பேரம் பேசிக் குறைத்த தொகையை எல்லாம் கடை மீட்டெடுப்பது பெரும்பாலும் இந்த வரியில்தான். எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டில், கேபினட்டோடு இலவசமாக வந்த பெயரில்லாத எஸ்எம்பிஎஸ் ஒரு மழைக்கால இரவில் போனது. போகும்போது மதர்போர்டையும் அழைத்துக்கொண்டு போனது. டப்பாமேல் உள்ள '80 பிளஸ்' முத்திரை 2004-இல் தொடங்கிய திட்டம். மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் அது சொல்லும், பாதுகாப்பைச் சொல்லாது. வாரண்டி எத்தனை வருடம் என்று கேளுங்கள். கம்பெனிக்கே தன் சரக்கின்மேல் எவ்வளவு நம்பிக்கை என்பது அதில் தெரிந்துவிடும். யூபிஎஸ்ஸிலும் அதே எச்சரிக்கை. 600 விஏ என்று போட்டிருப்பது பெரும்பாலும் 360 வாட் மட்டுமே தாங்கும்.

காசு போதவில்லையா? தவணைக்கு ஓடாதீர்கள். வட்டியில்லாத் தவணை என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கியே 2013-இல் சொல்லிவிட்டது. தள்ளுபடியை விட்டுக் கொடுத்தோ, கட்டணமாகவோ வட்டியை நாம்தான் கட்டுகிறோம். அதற்குப் பதில், கிராஃபிக்ஸ் வசதி உள்ளே இருக்கும் பிராசசராக வாங்கி (இன்டெலில் பெயரின் முடிவில் எஃப் என்ற எழுத்து இருந்தால் அந்த வசதி இல்லை), கார்டை போனஸ் வரும்போது சேர்க்கலாம். மதர்போர்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் மட்டும் பின்னால் வரப்போகும் கார்டை நினைத்து இப்போதே நல்லதாக எடுங்கள். திறந்த பெட்டியின் அருமையே இதுதான். சிட் ஃபண்டு கட்டுவது மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாம்.

மாற்றல் வாங்கி ஊர் ஊராகப் போகும் குடும்பங்களுக்கு இரண்டு வார்த்தை. ஜிஎஸ்டி பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். வாரண்டி பாகத்துக்குப் பாகம் தனி, அடுத்த ஊரில் வேறு வேறு சர்வீஸ் சென்டரில் அந்தக் காகிதம்தான் பேசும். சாமான் கட்டும்போது கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனி டப்பாவில் வையுங்கள். லாரி குலுக்கலில் அந்த எடை ஸ்லாட்டையே பிய்த்துவிடும்.

பொருளாகப் பார்த்தால் இது தேயும் சொத்து. வருமான வரிச் சட்டமே தொழிலில் பயன்படும் கம்ப்யூட்டருக்கு வருடத்துக்கு 60 சதவீதம் தேய்மானம் கொடுத்தது, 2017-18 முதல் அது 40 ஆனது. நாலைந்து வருடத்தில் காயலான் கடைக்குப் போகிற பொருளுக்கு ஏன் இத்தனை யோசனை என்று சிலர் கேட்கலாம். எங்கே காசு போட்டால் பலன், எங்கே போட்டால் வெறும் ஜிகினா என்று பதினைந்து வயதில் ஒரு பிள்ளை தன் பட்ஜெட்டை வைத்துத் தானே முடிவெடுக்கப் பழகினால், அந்தப் பழக்கம் நாளைக்கு வீட்டுக் கடன் வாங்கும்போதும் வரும். பெட்டி தேயும், அது தேயாது.

அந்தப் பழக்கத்துக்கு இடம் கொடுப்பது, மூடியைத் திறந்து ஒவ்வொரு பாகமாக மாற்றக்கூடிய இந்தப் பெட்டிதான். மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் ராமைக்கூடப் போர்டோடு ஒட்டி விற்கிறார்கள். ராம் விலை இப்படியே போனால், கடைத்தெருவின் கண்ணாடி அலமாரிகளில் நமக்குக் கட்டுப்படியாகும் டப்பாக்கள் குறைந்துகொண்டே வரலாம். 1981-இல் அவசரத்தில் திறந்து வைத்த பெட்டி அது. இனியும் திறந்திருக்குமா என்பது, நாம் ஸ்குரூ டிரைவரோடு உட்காருகிறோமா இல்லையா என்பதையும் பொறுத்தது.

டிஸ்கி: பங்கீட்டு எண்கள் என் சொந்தக் கணக்கு, வேதவாக்கு அல்ல. ராம் விலை மட்டும் கடைக்குக் கிளம்பும் அன்று காலையில் ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.